வெடி வைத்து மீன் எண்ணியவர் கடலின் காவலர் ஆனது எப்படி? கூஸ்தோ கதையும் ஆழ்கடல் சுரங்கச் சண்டையும்

2026 ஜனவரி 17. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலைப் பாதுகாப்பதற்கான ஐ.நா. ஒப்பந்தம் அன்றுதான் அமலுக்கு வந்தது. கரையிலிருந்து 200 கடல் மைல் தாண்டிவிட்டால் அந்தத் தண்ணீர் எந்த அரசுக்கும் சொந்தமில்லை. உலகக் கடல் பரப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இப்படிப்பட்டதுதான். அங்கே பாதுகாக்கப்பட்ட பகுதிகளை அறிவிக்க இதுவரை முறையான வழியே கிடையாது. இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது.

ஆனால் ஒரு முக்கியமான விஷயம் இந்த ஒப்பந்தத்தின் கைக்குள் வரவில்லை. அதே கடலின் தரையில் கிடக்கும் தாதுக்களை அள்ளலாமா, கூடாதா என்ற கேள்விதான் அது. அதை முடிவு செய்ய வேண்டியது ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் சர்வதேச கடற்படுகை ஆணையம். அங்கே பல வருடமாக பேச்சுவார்த்தை ஓடுகிறது, முடிவு மட்டும் வரவில்லை.

யாரும் தொடாத ஓர் இடத்தைத் தொடுவதற்கு முன்பே தடுக்க முடியுமா? ஒருமுறை முடிந்திருக்கிறது. 1991-ல் அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்டுவதற்கு உலக நாடுகள் தடை போட்டன. அந்தப் பிரசாரத்தின் முகமாக இருந்தவர் சிவப்பு கம்பளித் தொப்பி போட்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர். பெயர் ஜாக் கூஸ்தோ. கடலுக்கடியில் கேமராவைக் கொண்டுபோய் உலகத்துக்கே காட்டியவர். ஆனால் அவருடைய பழைய கணக்கைப் புரட்டினால் திமிங்கலக் குட்டியின் ரத்தமும் இருக்கிறது, எண்ணெய் கம்பெனி காசும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் அண்டார்டிகா வெற்றியின் எடை புரியும்.

பைலட் ஆக வேண்டியவர்

1910 ஜூன் 11 அன்று, பிரான்ஸின் போர்தோ நகருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர் கூஸ்தோ. கடற்படையில் சேர்ந்தார். அவர் ஆசைப்பட்டது விமானியாக வேண்டும் என்று. 1930-களின் நடுவில் நடந்த ஒரு கார் விபத்தில் கைகள் முறிந்தன, விமானக் கனவு போச்சு. கைக்கு வலு திரும்ப தூலோன் கடற்கரையில் நீந்தத் தொடங்கினார். கடற்படை நண்பர் பிலிப் தாயே ஒரு நீச்சல் கண்ணாடியைக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்ட நாளிலிருந்து அவர் மனசு மேலே திரும்பவில்லை.

அந்தக் காலத்தில் கடலடிக்குப் போவது சாமானிய வேலை இல்லை. பித்தளை ஹெல்மெட், ஈயம் வைத்த பூட்ஸ், மேலே படகிலிருந்து காற்றடிக்கும் குழாய். குழாய் எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் நடக்கலாம். முதுகில் சிலிண்டரைக் கட்டும் முயற்சிகள் முன்பே நடந்திருந்தன. ஆனால் அவற்றில் காற்று தொடர்ந்து கொட்டிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். இல்லையென்றால் கையால் வால்வைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

கேஸ் ரெகுலேட்டரில் பிறந்த ஸ்கூபா

தீர்வு வந்தது கடலிலிருந்து அல்ல, காரிலிருந்து. இரண்டாம் உலகப்போர் நேரம். ஜெர்மனி பிடியிலிருந்த பிரான்ஸில் பெட்ரோல் கிடைக்கவில்லை. கார்களை கேஸில் ஓட்டினார்கள். எஞ்சின் கேட்கும்போது மட்டும் கேஸ் விடும் ஒரு ரெகுலேட்டரை உருவாக்கியிருந்தார் ஏர் லிகீட் நிறுவனத்தின் பொறியாளர் எமில் கான்யான். கூஸ்தோவின் மாமனாருக்கு அந்த நிறுவனத்தில் செல்வாக்கு இருந்தது. இரண்டு பேரும் சந்தித்தார்கள்.

எஞ்சினுக்குப் பதில் மனிதனின் மூச்சு. அவ்ளோதான் ஐடியா. இழுக்கும்போது மட்டும் காற்று வரும். அதுவும் சுற்றியிருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் வரும். இந்த இரண்டாவது விஷயம் ரொம்ப முக்கியம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் நெஞ்சின் மேல் நான்கு மடங்கு அழுத்தம் இருக்கும். உள்ளே போகும் காற்றும் அதே அழுத்தத்தில் இல்லையென்றால் மூச்சை இழுக்கவே முடியாது.

1943 தொடக்கத்தில் பாரிஸ் பக்கத்தில் மார்ன் நதியில் முதல் சோதனை. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது, தலைகீழாகப் போனால் மூச்சே வரவில்லை. காற்று வெளியேறும் வால்வை சரியான உயரத்துக்கு மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. அந்தக் கோடையிலேயே மத்தியதரைக் கடலில் குழாய் எதுவும் இல்லாமல் மீனைப் போல நீந்தினார் கூஸ்தோ. அக்வா லங் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அந்தமானிலோ புதுச்சேரியிலோ ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் வாயில் கடிக்கும் கருவியின் அடிப்படை இதுதான்.

ஒரு ஃபிராங்க் வாடகை, எண்ணெய் கம்பெனி காசு

1950-ல் அவருக்கு ஒரு கப்பல் கிடைத்தது. பிரிட்டிஷ் கடற்படை போரில் கண்ணிவெடி அகற்றப் பயன்படுத்திய பழைய மரக்கப்பல். கின்னஸ் குடும்பத்தைச் சேர்ந்த பணக்காரர் ஒருவர் அதை வாங்கி, வருடத்துக்கு ஒரு ஃபிராங்க் வாடகைக்குக் கொடுத்தார். அதுதான் பின்னால் உலகப் புகழ்பெற்ற கலிப்சோ.

வாடகை ஒரு ஃபிராங்க் என்றாலும் டீசலுக்கும் ஆட்களுக்கும் காசு வேண்டுமே. 1954-ல் பிரிட்டிஷ் பெட்ரோலியம் தரப்புக்காக அபுதாபி கடற்பகுதியில் ஆய்வு செய்யப் போனது கலிப்சோ. கூஸ்தோவின் டைவர்கள் பாரசீக வளைகுடாவின் அடியில் இறங்கி பாறை மாதிரிகளை உடைத்து எடுத்துவந்தார்கள். நான்கு வருடம் கழித்து, 1958-ல், அபுதாபியின் உம் ஷைஃப் பகுதியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. உலகின் பெரிய கடலடி எண்ணெய் வயல்களில் அதுவும் ஒன்று.

1960-களில் கடலுக்கடியில் வீடு கட்டி ஆட்களைத் தங்க வைத்தாரே, அதற்குப் பின்னாலும் பெட்ரோலியத் துறையின் ஆர்வம் இருந்தது. 1962-ல் மார்செய் அருகே 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு பேர் ஒரு வாரம் தங்கினார்கள். 1963-ல் சூடான் கரையோரம், செங்கடலில் ஒரு மாதம். 1965-ல் நீஸ் பக்கம் 100 மீட்டர் ஆழத்தில் ஆறு பேர், மூன்று வாரம். அந்தக் கடைசி சோதனையில் அவர்களுக்குக் கொடுத்த முக்கிய வேலை என்ன தெரியுமா? ஒரு மாதிரி எண்ணெய்க் கிணற்றின் முனையைக் கடலடியில் பழுதுபார்ப்பது.

அதாவது கடலைத் திறந்து காட்டிய அதே கருவிகள்தான் கடலைத் தோண்டவும் வழி காட்டின. இதை மறைத்துவிட்டு கூஸ்தோவை வெறும் இயற்கைக் காவலராக மட்டும் காட்டுவது பாதிக் கதை.

1956 படத்தில் என்ன இருக்கு?

மௌன உலகம். லூயி மால் என்ற இளம் இயக்குநரோடு சேர்ந்து கூஸ்தோ எடுத்த படம். கான் விழாவின் உச்ச விருதான தங்கப் பனையையும் வாங்கியது, சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது. கடலடி உலகத்தை அந்த அளவுக்கு வண்ணத்தில் மக்கள் அதுவரை பார்த்ததில்லை.

இன்று அதைப் பார்த்தால் சில காட்சிகளில் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும்.

கலிப்சோ ஒரு திமிங்கலக் கூட்டத்துக்குள் போகிறது. ஒரு குட்டி கப்பலின் விசிறியில் அடிபட்டு துடிக்கிறது. அதன் வேதனையை முடிக்கிறோம் என்று கப்பல்காரர்கள் அதைக் கொல்கிறார்கள். ரத்த வாடைக்கு சுறாக்கள் வந்து சேர்கின்றன. குட்டியைத் தின்னும் சுறாக்களைப் பார்த்து கப்பல்காரர்களுக்கு கோபம். கொக்கி போட்டு ஒவ்வொன்றாக மேலே இழுத்து கோடாலியால் அடித்துக் கொல்கிறார்கள். குட்டியை அடித்தது கப்பல், தண்டனை சுறாவுக்கு!

இன்னொரு காட்சியில் பவளப்பாறையில் டைனமைட் வெடிக்கிறது. அந்தப் பாறையில் எத்தனை வகை மீன்கள் வாழ்கின்றன என்று கணக்கெடுக்கவாம். செத்து மிதக்கும் மீன்களைப் பொறுக்கி ஆராய்ச்சிக்கு எடுக்கிறார்கள். மீனவர்கள் வெடி வைத்தால் அது குற்றம், நாங்கள் வைத்தால் அறிவியல் என்ற தொனி படத்திலேயே தெரிகிறது.

அதே படத்தில்தான் மெரூ வகை மீன் ஒன்றும் வருகிறது. சீஷெல்ஸின் அசம்ப்ஷன் தீவுப் பக்கம் டைவர்களோடு நாய்க்குட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு திரிந்த பெரிய மீன். ஜோஜோ என்று பெயர் வைத்தார்கள். படப்பிடிப்புக்குத் தொல்லை கொடுக்கிறது என்று சுறாக் கூண்டுக்குள் அதைப் பிடித்துப் போட்டார்கள். (அசம்ப்ஷன் தீவு, எங்கேயோ கேட்ட பெயரா இருக்கா? இந்தியா ராணுவ வசதி அமைக்க ஒப்பந்தம் போட்டு, சீஷெல்ஸில் கிளம்பிய எதிர்ப்பால் நின்றுபோனதே, அதே தீவுதான்.)

ஒரு மீனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பாசமும், பக்கத்துப் பாறையை வெடிக்கும் அலட்சியமும் ஒரே படத்தில், ஒரே ஆட்களிடம். கூஸ்தோவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடல் தீராது என்பதுதான் 1956-ல் எல்லாருடைய நம்பிக்கையும்.

எப்போது மாறினார்?

ஒரே நாளில் இல்லை. ஆனால் 1960-ஐ ஒரு திருப்பமாகச் சொல்லலாம். பிரான்ஸின் அணுசக்தி ஆணையம் கதிரியக்கக் கழிவுகளை மத்தியதரைக் கடலில், கோர்சிகா தீவுக்கும் பிரெஞ்சுக் கரைக்கும் இடையே கொட்டத் திட்டமிட்டது. கூஸ்தோ அப்போது மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் இயக்குநர். ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பியது, கூஸ்தோ வெளிப்படையாக எதிர்த்தார், திட்டம் கைவிடப்பட்டது. கதிரியக்கக் கழிவைக் கடலில் கொட்ட உலக அளவில் முழுத் தடை வர 1993 வரை ஆனது என்பதை வைத்துப் பார்த்தால் அந்த எதிர்ப்பு எவ்வளவு முன்னோடி என்று புரியும்.

பிறகு டிவி வந்தது. 1968 முதல் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் அவருடைய கடலடித் தொடர் ஓடியது. வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடி நீர்நாயையும் ஆக்டோபஸையும் பார்த்தார்கள் மக்கள். சில காட்சிகள் தொட்டியில் வைத்து எடுத்தவை, அறிவியலைவிட நாடகம் அதிகம் என்று விஞ்ஞானிகள் முணுமுணுத்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கு. ஆனால் கடலைப் பார்த்தே இராத கோடிக்கணக்கானவர்களுக்கு அதன் மேல் ஒரு பற்று வந்தது அந்த நாடகத்தால்தான்.

அவருடைய பேச்சின் தொனியும் மெல்ல மாறியது. நாற்பதுகளில் மூழ்கிய இடங்களுக்கே மறுபடி போனார். மீன் குறைந்திருந்தது, அடியில் குப்பை சேர்ந்திருந்தது. 1973-ல் கடல் பாதுகாப்புக்காக கூஸ்தோ சொசைட்டியைத் தொடங்கினார். கடலடி நகரங்கள் பற்றிய பேச்சு அவரிடமிருந்து மறைந்தே போனது.

அண்டார்டிகா: கையெழுத்து ஆன பிறகும் கவிழ்த்த கதை

இனிதான் முக்கியமான பகுதி. 1988-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ஓர் ஒப்பந்தம் உருவானது. அண்டார்டிகாவில் கனிமம் எடுக்க எப்படி அனுமதி தருவது என்பதற்கான விதிகள் அதில் இருந்தன. ஆறு வருடம் உட்கார்ந்து பேசி எழுதியது. தடை போட முடியாது, அதனால் கட்டுப்பாடோடு அனுமதிப்போம் என்பது அதன் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

1989-ல் இரண்டு விபத்துகள் நடந்தன. ஜனவரியில் அர்ஜென்டினா கப்பல் ஒன்று அண்டார்டிகாவிலேயே பாறையில் மோதி டீசலைக் கொட்டியது. மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் எண்ணெய்க் கப்பல் விபத்து. பனிக்கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன ஆகும் என்று உலகமே டிவியில் பார்த்தது. மே மாதம் ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக், நாங்கள் இதை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தார். பிரான்ஸும் பின்வாங்கியது.

கூஸ்தோவுக்கு அப்போது வயது 79. பிரான்ஸில் அவர் தொடங்கிய கையெழுத்து இயக்கத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். அமெரிக்கா போய் அங்கிருந்த எம்.பி.க்களிடம் பேசினார். 1990-ல் உலகின் வெவ்வேறு கண்டங்களிலிருந்து ஆறு சிறுவர் சிறுமிகளை அண்டார்டிகாவுக்கு அழைத்துப்போய் படம் எடுத்தார். விளம்பர உத்திதான், சந்தேகமே இல்லை. ஆனால் வேலை செய்தது.

1991 அக்டோபரில் ஸ்பெயினின் மத்ரித் நகரில் புதிய உடன்பாடு கையெழுத்தானது. அதன் 7-வது பிரிவு ஒரே வரிதான். அறிவியல் ஆய்வு தவிர, கனிம வளம் தொடர்பான எந்த வேலையும் கூடாது. 1998 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. கூஸ்தோ அதைப் பார்க்கவில்லை. ஏழு மாதம் முன்பு, 1997 ஜூன் 25 அன்று பாரிஸில் காலமாகியிருந்தார்.

இது அவர் தனியாக ஜெயித்தது இல்லை. ஆஸ்திரேலிய அரசு இல்லாமல் நடந்திருக்காது. அண்டார்டிகாவிலேயே முகாம் போட்டு உட்கார்ந்த கிரீன்பீஸ் ஆட்களுக்கும் பங்கு உண்டு. கூஸ்தோ கொடுத்தது அரசியல்வாதிகளுக்குத் தேவைப்பட்ட ஒன்றை, மக்கள் ஆதரவு.

இடையில் ஒரு தவறான தகவலையும் சரிசெய்துவிடலாம். "2048-ல் அண்டார்டிகா தடை காலாவதி" என்று வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் சுற்றுகிறது. அப்படி இல்லை. 2048-க்குப் பிறகு ஒரு நாடு மறுஆய்வு கேட்கலாம், அவ்வளவுதான். யாரும் கேட்காவிட்டால், கேட்டும் உடன்பாடு வராவிட்டால், தடை அப்படியே தொடரும்.

இப்போ கடலடியில் என்ன நடக்குது?

4,000 முதல் 6,000 மீட்டர் ஆழத்தில், உருளைக்கிழங்கு அளவில் கறுப்பு உருண்டைகள் பரவிக் கிடக்கின்றன. உள்ளே மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட், தாமிரம். மின்சார வாகன பேட்டரிகளுக்குத் தேவை என்பது சுரங்க நிறுவனங்களின் வாதம். ஓர் உருண்டை சில மில்லிமீட்டர் வளர பத்து லட்சம் வருடம் ஆகும். அந்த உருண்டைகள்தான் அங்கே பல உயிரினங்களுக்கு ஒட்டி வாழும் ஒரே கெட்டித் தரை.

அள்ளினால் என்ன ஆகும்? இதற்கு ஊகம் தேவையில்லை. கூஸ்தோ அண்டார்டிகாவுக்காக கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த அதே 1989-ல், ஜெர்மன் விஞ்ஞானிகள் பெரு நாட்டுக்கு அப்பால் பசிபிக் கடலடியில் கலப்பை மாதிரி ஒரு கருவியை இழுத்து உழுது பார்த்தார்கள். 26 வருடம் கழித்து 2015-ல் திரும்பிப் போனபோது கலப்பைத் தடம் நேற்று உழுதது போல அப்படியே இருந்தது.

இதுவரை வணிக ரீதியில் தோண்ட கடற்படுகை ஆணையம் யாருக்கும் அனுமதி தரவில்லை. சுமார் 40 நாடுகள் தற்காலிகத் தடையாவது வேண்டும் என்கின்றன. பிரான்ஸ் ஒரு படி மேலே போய் முழுத் தடை கேட்கிறது. 2025 ஜூனில் நீஸ் நகரில் நடந்த ஐ.நா. கடல் மாநாட்டிலும் அதையே சொன்னது. எதிர்ப்பக்கம் அமெரிக்கா. அது ஐ.நா. கடல் சட்டத்தில் உறுப்பினரே இல்லை. ஆணையத்தைச் சுற்றிக்கொண்டு, தன் சொந்த 1980-ம் ஆண்டுச் சட்டத்தை வைத்து அனுமதி வழங்கும் வேலையை வேகப்படுத்தும்படி 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் உத்தரவு போட்டார். அடுத்த சில நாட்களிலேயே கனடாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் விண்ணப்பமும் கொடுத்துவிட்டது.

அண்டார்டிகாவுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. பென்குயினையும் பனிமலையையும் காட்டினால் கையெழுத்து விழும். 5,000 மீட்டர் இருட்டில் சேற்றில் ஊரும் கடல் வெள்ளரியைக் காட்டி கையெழுத்து வாங்குவது கஷ்டம். 2025-ல் டேவிட் அட்டன்பரோ வெளியிட்ட கடல் படம், இழுவை மடி கடலடியைச் சுரண்டுவதை நேரடியாகக் காட்டி அதிர்வைக் கிளப்பியது. ஆழ்கடல் சுரங்கத்துக்கு அப்படி ஒரு காட்சி இன்னும் மக்கள் மனதில் பதியவில்லை.

சென்னைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம். மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கி.மீ. பரப்பில் இந்த உருண்டைகளை ஆராய 2002-லேயே ஆணையத்தோடு ஒப்பந்தம் போட்டது இந்தியா. கருவிகளைச் செய்வது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். அவர்களுடைய வராஹா என்ற கடலடி வண்டி 2021-ல் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. மூன்று பேரை 6,000 மீட்டருக்கு இறக்கும் மத்ஸ்யா-6000 நீர்மூழ்கியின் சோதனை 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் நடந்தது.

அந்தப் பயணத்துக்குப் பயிற்சியாக 2025 ஆகஸ்டில் இரண்டு இந்தியர்கள் அட்லாண்டிக்கில் மூழ்கினார்கள். ஒருவர் 5,002 மீட்டர் வரை போனார். போன வாகனம் நாட்டீல், பிரான்ஸ் அரசின் ஆய்வு நீர்மூழ்கி. ஆழ்கடலைத் தோண்டவே கூடாது என்று சொல்லும் நாடு, தோண்டும் வாய்ப்பைக் கையில் வைத்திருக்கும் நாட்டுக்கு ஆழம் பழக்கிக் கொடுக்கிறது. இதில் முரண் எதுவும் இல்லை என்று இரண்டு தரப்பும் சொல்லலாம். ஆய்வு வேறு, சுரங்கம் வேறு. ஆனால் 1954-ல் கலிப்சோ டைவர்கள் அபுதாபியில் உடைத்து எடுத்ததும் வெறும் பாறை மாதிரிகள்தான்.

தற்காலிகத் தடை கேட்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதே சமயம், ஜனவரியில் அமலுக்கு வந்த கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் 2024 செப்டம்பரில் கையெழுத்திட்டது. அந்த ஒப்பந்தத்தின் முதல் மாநாடு ஒரு வருடத்துக்குள், அதாவது 2027 ஜனவரி நடுப்பகுதிக்குள் கூட வேண்டும். எந்தக் கடற்பகுதியை முதலில் பாதுகாப்பது என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். கையெழுத்து மட்டும் போட்ட நாடுகள் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம், ஓட்டு கிடையாது. ஓட்டு, முறைப்படி ஒப்புதல் அளித்த நாடுகளுக்குத்தான்.